குமிழைத் திருப்பியது யார்?

டிசம்பர் 3, புதன்

தேவசகாயம் சார் சொன்னபடி இன்று முதல் குறிப்பு எழுதுகிறேன். பறவைப் படம் எடுக்கிறவன் தேதி, நேரம், வெளிச்சம், கேமராவில் வைத்த அளவுகள் எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டுமாம். அப்போதுதான் தப்பு எங்கே என்று பிடிபடும் என்கிறார். பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதித் தேறியவனிடம் போய் எழுதச் சொல்கிறார். ஜனவரியில் பள்ளிக்கூடத்தில் டிரைவர்களுக்குக் கொடுத்த டைரி பதினோரு மாதம் சும்மா கிடந்தது. அதற்கும் ஒரு வேலை.

பெயர் இசக்கியப்பன். வயது ஐம்பத்திரண்டு. பள்ளிக்கூட வேன் டிரைவர். என் லைனில் பத்தொன்பது பிள்ளைகள். காலையில் அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது குளத்துக் கரையில் மஞ்சள் வேனை ஓரங்கட்டுவேன். இன்ஜினை அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் அதிர்விலேயே படம் போய்விடும். பழைய தலையணை உறையில் சோளத்தை நிரப்பி ஜன்னல் விளிம்பில் வைத்து, அதன்மேல் லென்ஸைப் படுக்கவைத்தால் பிள்ளையைத் தொட்டிலில் போட்ட மாதிரி அசையாமல் கிடக்கும். மனிதன் இறங்கி நடந்தால் நாரைகள் பறந்துவிடும். வேனைக் கண்டால் ஒன்றும் செய்வதில்லை. பெரிய மஞ்சள் எருமை என்று நினைக்கின்றன போல.

கேமரா, மஸ்கட்டிலிருந்து அண்ணன் கொண்டுவந்தது. லென்ஸும் டெலிகன்வர்ட்டரும் தேவசகாயம் சாருடையவை. நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். தோள்பட்டை போய்விட்டது, தூக்க முடியவில்லை. "நீரு எடும் வே, எனக்குப் படத்தைக் காட்டினா போதும்" என்று தூக்கிக் கொடுத்துவிட்டார்.

இந்தக் காலத்தில் யார் சும்மா கொடுக்கிறார்கள்? அங்கேயே நான் யோசித்திருக்க வேண்டும்.

இன்று சங்குவளை நாரை, 22 படம். எல்லாமே மங்கல்.

டிசம்பர் 5, வெள்ளி

மீன்கொத்தி. காலை 8.50. நல்ல வெயில். 1/1600 வேகம். 31 படம். தேறியது பூஜ்யம். வேனிலேயே உட்கார்ந்து, கேமராவின் பின்திரையில் பார்த்து, ஒன்று விடாமல் அழித்தேன். வீட்டுக்குக் கொண்டுபோய் மானம் போவானேன்.

எனக்கு டெலிகன்வர்ட்டர் மேல்தான் சந்தேகம். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டுகிற சின்னக் கண்ணாடிக் குழல் அது. 300 லென்ஸை 420 ஆக்கும், தூரத்துக் கொக்கைப் பக்கத்தில் கொண்டுவரும், பதிலுக்குப் பாதி வெளிச்சத்தைத் தின்றுவிடும். கல்யாணத் தரகர் மாதிரி. நெருக்கமாக்கி வைப்பார், தன் பங்கை எடுத்துக்கொள்வார். பொண்ணுக்கு ஒன்றரைக் கண் என்பதை மட்டும் சொல்லமாட்டார்.

தரகரைக் கழற்றிவிட்டு வெறும் லென்ஸில் எடுத்துப் பார்த்தேன். அதுவும் மங்கல். அப்படியானால் பொண்ணு வீடே சரியில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

தேவசகாயம் சாரைக் கையோடு குளத்துக்கு அழைத்துப் போனேன். முகத்துக்கு நேரே லென்ஸ் கெட்டுப்போனது என்று சொல்ல முடியுமா? "சரியா வரமாட்டேங்குது சார்" என்றேன்.

"கண்ணுக்கு ஃபோகஸ் வச்சீரா?"

"கண்ணுக்குத்தான் வச்சேன் சார்."

"பறவையோட கண்ணு துலக்கமா விழுந்துட்டா மத்தது எது எப்படி இருந்தாலும் மன்னிச்சிடலாம் வே. இங்க தாரும்."

கேமராவை வாங்கி, கண் வைக்கும் துவாரத்துப் பக்கத்தில் மிளகளவு இருக்கும் குமிழைத் திருப்பினார். பார்க்கிறவர் கண்ணுக்குத் தக்கபடி அதைத் திருப்பிக்கொள்வதாம். எடுக்கிற படத்தை அது ஒன்றும் செய்யாதாம். சோள மூட்டைமேல் லென்ஸை வைத்துப் பத்துப் படம் எடுத்தார். பின்திரையைப் பார்த்துவிட்டு, "முத்து முத்தா விழுந்திருக்கு, பாரும்" என்றார்.

பார்த்தேன். பழைய கஞ்சியில் கொக்கு விழுந்த மாதிரி இருந்தது.

தன் லென்ஸை யார்தான் விட்டுக்கொடுப்பார்? "ஆமா சார், முத்துதான்" என்று சொல்லிவைத்தேன்.

டிசம்பர் 11, வியாழன்

இன்று ஒரு விஷயம் கண்டுபிடித்தேன். சார் திருப்பிய குமிழை அன்றைக்கே நான் என் கண்ணுக்குச் சரியாக வைத்தேன். இன்று காலை துவாரத்தில் கண் வைத்தால் ஒரே புகை. குமிழைத் திருப்பித் திருப்பிக் கடைசியில் ஒருவாறு சரிக்கட்டினேன். நாலு நாளில் குமிழ் தானாகவா திரும்பும்?

வீட்டில் மூன்றே பேர். நான், மனைவி உலகம்மாள், கல்லூரியில் பி.காம் படிக்கிற மகள் செல்வி.

"ஏட்டி, கேமராவத் தொட்டியா?"

"எனக்கெதுக்குப்பா அது? என் போன்லயே நல்லா விழுது."

பதில் சரிதான். சொன்ன விதம்தான் சரியில்லை. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். குற்றம் செய்தவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

டிசம்பர் 12

செல்வியின் நெயில்பாலிஷை எடுத்து, குமிழிலும் அதன் ஓரத்திலும் நேருக்கு நேராக ஒவ்வொரு சிவப்புப் புள்ளி வைத்தேன். இனி எவர் திருப்பினாலும் புள்ளி விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். என்னைப் போலீஸில் எடுத்திருந்தால் இந்த ஜில்லாவில் களவே இருந்திருக்காது. விரலில் ஒட்டிய சாயம்தான் போகவில்லை. வேனில் ஏறிய பிள்ளைகள் எல்லாம், "டிரைவர் அங்கிள் நெயில்பாலிஷ்! டிரைவர் அங்கிள் நெயில்பாலிஷ்!"

டிசம்பர் 16, செவ்வாய்

பறவை இல்லை. மனசு சரியில்லை.

வேனின் இடது பக்கக் கண்ணாடிக் கூட்டில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல். பள்ளிக்கூடத்தில் நிறுத்தியிருந்தபோது இரண்டாம் வண்டிக்காரன் உரசியிருப்பான். கேட்டால் சத்தியம் செய்கிறான். "அண்ணாச்சி, நேத்து கேட்டுக்குள்ள நுழையும்போதே உங்க வண்டில இருந்துச்சு" என்கிறான். கேட் தூணில் மஞ்சள் பெயிண்ட் ஒட்டியிருக்கிறதாம். போய்ப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அங்கே ஒன்றும் இல்லை.

இன்னொன்று. வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்க வருகிற பாக்கியம், மூன்று வருடமாகப் பின்சீட்டில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டு வந்தவள், நேற்றிலிருந்து முன்சீட்டுக்கு வந்துவிட்டாள். வந்ததோடு விட்டாளா, ரேடியோ மாதிரி பேச்சு. "அண்ணாச்சி, முன்னால ஆடு போவுது பாருங்க, எம்புட்டு ஆடு." "அந்தா சைக்கிள்ல போறது தபால்காரரு, கைகாட்டாமத் திரும்புதாரு பாத்தீங்களா." "இந்தப் பள்ளத்த மூடவே மாட்டானுவ போல."

பள்ளிக்கூடத்தில் என்னைக் கண்காணிக்க அனுப்பியிருக்கிறார்கள். ஜூனில் ஆள் குறைப்பு இருக்கும் என்று போன மாதமே ஒரு பேச்சு அடிபட்டது.

டிசம்பர் 20, சனி

புள்ளிகள் விலகவில்லை. டார்ச் அடித்து, விரலால் தடவியும் பார்த்தேன். நேருக்கு நேர் அப்படியே இருக்கின்றன. ஆனால் துவாரத்துக்குள் பார்த்தால் போன வாரத்தைவிடப் புகை அதிகம்.

அரை மணி நேரம் கட்டிலில் உட்கார்ந்து யோசித்தேன். ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. திருப்பியவர் என் புள்ளிகளைத் துடைத்துவிட்டு, குமிழைத் திருப்பி, அதே நெயில்பாலிஷால் புதுப் புள்ளிகள் வைத்திருக்கிறார்.

நெயில்பாலிஷ் யாருடையது? நான் சொல்லவில்லை.

டிசம்பர் 22

பறவைப் படக் குழுவில் ஒரே ஒரு பூநாரைப் படம் போட்டேன். பெரிய பறவை, பக்கத்தில் நின்றது, அதனால் அழிக்காமல் வைத்திருந்தது. வாட்ஸ்அப்பில் ஒரே பாராட்டு. "என்னா ஷார்ப் அண்ணா!" "ஒவ்வொரு இறகும் எண்ணலாம் போல." நாற்பது பேர் சேர்ந்து ஒருத்தனைக் கேலி செய்வதற்கும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். இவர்களிடம் இருக்கிறது.

டிசம்பர் 25, வியாழன்

பள்ளி விடுமுறை. தேவசகாயம் சார் வீட்டில் கேக் சாப்பிட்டேன்.

மாலையில் உலகம்மாள் டம்ளரில் டீ ஊற்றச் சொன்னாள். ஊற்றினேன். பாதி டம்ளருக்குள், பாதி அடுப்பு மேடையில். பாத்திரத்தின் மூக்கு நசுங்கியிருக்கிறது, எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். அவள் ஒன்றும் சொல்லாமல் துடைத்தாள். ஒன்றும் சொல்லாத உலகம்மாளை இருபத்துநாலு வருடத்தில் நான் பார்த்ததில்லை. என் அம்மா செத்த வீட்டில்கூடச் சமையல்காரனைத் திட்டியவள்.

அப்புறம் அடுக்களையில் தாயும் மகளும் குசுகுசு. நான் போனதும் நிறுத்திவிட்டார்கள்.

"என்ன ரகசியம்?"

"ஒண்ணுமில்லங்க. பொங்கலுக்கு என்ன எடுக்கலாம்னு பேசிக்கிட்டிருந்தோம்."

பொங்கல் துணிக்கு எதற்கு அழுத முகம்?

ஜனவரி 5, திங்கள்

புது டைரி கொடுத்துவிட்டார்கள். இது அதில்.

பள்ளி திறந்தது. காலை வெயில் குளத்துக் கரைத் திருப்பத்தில் நேரே முகத்தில் அடிக்கிறது. முன்கண்ணாடி முழுக்கச் சுண்ணாம்பு பூசிய மாதிரி வெள்ளை. போன வருடமும் இதே சூரியன்தான், இதே திருப்பம்தான். கண்ணாடியை எதைப் போட்டுத் துடைத்தார்களோ தெரியவில்லை. பாக்கியத்தைக் கேட்டால், "நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி, பளிச்சுன்னு" என்கிறாள். அவள் அப்படித்தான் சொல்வாள்.

ஜனவரி 6, செவ்வாய்

சாலைப் பாதுகாப்பு மாதம். டிரைவர்களுக்குக் கண் பரிசோதனை. பதினாலு பேர் வரிசை.

இதில் எங்களுக்கென்று ஒரு தர்மம் இருக்கிறது. முன்னால் போகிறவன் எழுத்துகளை உரக்கப் படிப்பான். பின்னால் நிற்கிறவன் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொள்வான். யாருக்கு என்ன குறை என்று யாரும் கேட்பதில்லை. ஒரு நாள் கூலியாவது போகாமல் இருக்கட்டும் என்று ஒருவனுக்கொருவன் செய்துகொள்கிற உதவி. நானும் எத்தனையோ பேருக்கு உரக்கப் படித்திருக்கிறேன். எனக்குத் தேவைப்பட்டதில்லை.

இந்த வருடம் கொஞ்சம் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். கடைசி வரி: ப, ட, ய, ம, ல. வலது கண்ணை மூடிக்கொண்டு பாதி படித்தேன், பாதி ஞாபகம். இடது கண்ணை மூடியதும் பலகை எங்கே இருக்கிறது என்றே தேடவேண்டியிருந்தது. அறையில் வெளிச்சம் சரியில்லை. சத்தமாகச் சொன்னேன், "ப, ட, ய, ம, ல."

"வெரி குட்" என்றார் கண் பார்க்க வந்த பையன். சான்றிதழ் கொடுத்தார்.

பத்தாம் வகுப்பில் மனப்பாடம் வராமல் ஒருமுறை தவறினேன். இந்த வயதில் வருகிறது.

ஜனவரி 8, வியாழன்

விராலடிப்பான்! மூன்று குளிர்காலமாக நான் காத்துக்கொண்டிருந்த பருந்து. குளத்துக்கு மேலே நின்று நின்று பறந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் வானத்தில் ஒரு கறுப்புக் கீற்று. அந்தக் கீற்று அப்படியே கல் மாதிரி விழுந்தது, தண்ணீர் வெடித்தது, மறுபடி எழும்பியது. நான் பட்டனை விடவேயில்லை. பன்னிரண்டு படம்.

பின்திரையில் பார்த்தேன். பன்னிரண்டும் புகை.

அழித்துவிட்டேன். கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டிருந்தேன். தேவசகாயம் சார் லென்ஸை இனி தொடுவதில்லை.

ஜனவரி 9

இது பெரிய சதி. வேனைக் கழுவிக்கொண்டிருந்தேன். பின்பக்கம் பாக்கியம் போனில் பேசுவது கேட்டது. "ஆமா செல்வி, இன்னைக்கும் அந்தத் திருப்பத்துல... நான் பக்கத்துலயே இருந்தேன், பயப்படாத தாயி." என்னைக் கண்டதும் "சரிடி வைக்கேன்" என்று வைத்துவிட்டாள்.

பாக்கியத்துக்கும் என் மகளுக்கும் என்ன பேச்சு? மாப்பிள்ளை விஷயமா? அந்தத் திருப்பத்தில் எந்தப் பயல் நிற்கிறான்? நாளைக்குப் பார்க்க வேண்டும்.

ஜனவரி 10, சனி

திருப்பத்தில் எந்தப் பயலும் நிற்கவில்லை. அல்லது வெயிலில் எனக்குத் தெரியவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

லென்ஸைத் திருப்பிக் கொடுக்கத் தேவசகாயம் சார் வீட்டுக்குக் கிளம்பினேன். செல்வியும் வருகிறேன் என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். விராலடிப்பான் கதையைச் சொன்னதும் சார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"அழிச்சீரா? பன்னிரண்டையுமா? என்கிட்ட ஒரு வார்த்தை காட்டிட்டு அழிக்கப்படாதா வே?"

"காட்டுற மாதிரி இல்ல சார்."

"அதுக்கப்புறம் அந்தக் கார்டுல ஏதாவது எடுத்தீரா?"

"இல்ல."

"நல்லவேளை. செல்வி, அழிஞ்ச படத்த மீட்கத் தெரியும்னு முந்தி ஒருதடவ சொன்னியே, போடு."

அழித்த படங்களை மீட்க ஏதோ சாஃப்ட்வேர் இருக்கிறதாம். ஒரு மணி நேரம் ஓடியது. விராலடிப்பான் மட்டுமல்ல, டிசம்பரிலிருந்து நான் அழித்தவற்றில் நூற்றுச் சொச்சம் படங்கள் வந்துவிட்டன. இரண்டு பேரும் திரையில் பார்த்துக்கொண்டே போனார்கள். மீன்கொத்திப் படம் ஒன்று வந்தபோது செல்வி மெதுவாக, "அப்பா, இதோட கண்ணுக்குள்ள நம்ம வேன் தெரியுது. மஞ்சளா, ஜன்னலோட" என்றாள்.

"சும்மா சொல்லாத."

"சத்தியமாப்பா."

விராலடிப்பான் வந்தது. தண்ணீர்த் துளி துளியாகத் தெறிக்கிறது, காலில் மீன், மீன் செதில்கூடத் தெரிகிறது என்று சார் எழுந்து நின்றே சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது, குரலில் தெரிந்தது. எனக்கு வெள்ளையில் ஒரு பழுப்பு. லேப்டாப்பில் வெளிச்சம் கூட்டச் சொன்னேன். கூட்டினாள். வெள்ளை கூடியது.

"அப்பா, மீனோட வாய் தொறந்திருக்கா, மூடியிருக்கா?"

கொஞ்சம் முன்னால் குனிந்து பார்த்தேன். "தொறந்திருக்கு" என்றேன். செத்த மீன் வாயைத் திறந்துதானே இருக்கும்.

செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, நான் அடுத்த படத்துக்குப் போயிட்டேன். இதுல மீனே இல்ல. வெறும் வானந்தான்."

அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. பெற்ற தகப்பனுக்குப் பரீட்சை வைக்கிறாள். லேப்டாப்பை மூடச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

வீட்டில் உலகம்மாள் வாசலிலேயே நின்றாள். "நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவோங்க."

"பொங்கல் கழியட்டும். ஒரு கண்ணாடி மாத்தினாச் சரியாப் போவும்."

"வேன்?" இது செல்வி.

"அந்த வழி எனக்கு மனப்பாடம்டி. கண்ணக் கட்டி விட்டாலும் ஓட்டுவேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

ஜனவரி 12, திங்கள்

வேன் ஓட்டினேன். மெதுவாக. ஒன்றும் ஆகவில்லை.

ஒன்றும் ஆகவில்லை என்று எழுதவேண்டிய நாள் எனக்கு இதுவரை வந்ததில்லை.

ஜனவரி 13

ஒன்றும் ஆகவில்லை. செல்வி என்னிடம் பேசவில்லை. அந்த வேலையை விட்டால் நான் என்ன செய்வேன்? ஐம்பத்திரண்டு வயதில் எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்? பொங்கலுக்கு ஐந்து நாள் லீவு. அதற்குள் யோசிக்கலாம்.

ஜனவரி 16

யோசிக்கவில்லை. கரும்பு தின்றேன்.

ஜனவரி 19, திங்கள்

எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

நேற்று எழுதுவதற்கு இருந்தது. கைதான் வரவில்லை.

குளத்துக் கரைத் திருப்பம். ஏழு ஐம்பது. வேனில் பதினாலு பிள்ளைகள். முன்கண்ணாடி முழுக்க வெள்ளை. திருப்பம் முடிந்ததும் மகிழினியின் ஸ்டாப். யுகேஜி படிக்கிற குட்டி. ஐந்து நாள் லீவு முடிந்த சந்தோஷத்தில் அவள் அப்பா கையை உதறிவிட்டு வேனைப் பார்த்து ஓடி வந்திருக்கிறாள். இதெல்லாம் பிறகு சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது வெள்ளை மட்டும்.

"நிறுத்துங்க! அண்ணாச்சி, புள்ள! புள்ள!"

பாக்கியம் கத்தியபடி ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். நான் பிரேக்கில் ஏறி நின்றேன். பிள்ளைகள் எல்லாம் முன்னால் வந்து விழுந்தார்கள். வண்டி நின்றது. இறங்கிப் போய்ப் பார்த்தேன். பம்பருக்கும் அவளுக்கும் ஒரு முழம். தண்ணீர் பாட்டிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து, "குட்மார்னிங் அங்கிள்" என்றாள்.

அவள் அப்பா என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

சாவியை எடுத்துப் பாக்கியத்தின் கையில் கொடுத்தேன். கரையில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுதாள்.

"டிசம்பர்லயே தெரியும் அண்ணாச்சி. கேட் தூண்ல ஒரசுனப்பவே. அன்னையிலேர்ந்துதான் முன்னால வந்து உக்காந்தேன். நீங்க கோவப்படுவீங்கன்னு ஆடு, மாடுன்னு கத பேசிக்கிட்டு வந்தேன். செல்விகிட்ட சொன்னேன். பள்ளிக்கூடத்துல சொல்லியிருக்கணும். உங்க வேல போயிருமேன்னு வாய மூடிட்டேன்."

அவளை நான் வேவு பார்க்கிறவள் என்று எழுதிவைத்திருக்கிறேன். ஒரு மாதமாக அந்த வேனை ஓட்டியது அவள் வாய். அவளும் தப்புதான் செய்தாள். உரக்கப் படித்தவனும் தப்புதான் செய்தான். ஆனால் ஸ்டீயரிங் பிடித்திருந்தவன் நான்.

பிரின்சிபால் மேடத்திடமிருந்து போன். பெல் அடித்து இருபது நிமிஷம் ஆகிவிட்டதாம்.

"என்ன இசக்கியப்பன், வண்டி ரிப்பேரா?"

ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. டயர் என்று சொல்லலாம், டீசல் என்று சொல்லலாம். பாக்கியம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகிழினியோடு சேர்த்துப் பதினைந்து பிள்ளைகள் ஜன்னலில்.

"வண்டிக்கு ஒண்ணுமில்ல மேடம். டிரைவருக்குத்தான் ரிப்பேர். எனக்குக் கண்ணு தெரியல. ரெண்டு மாசமாத் தெரியல. வேற ஆள அனுப்புங்க."

ஜனவரி 22, வியாழன்

நேற்று திருநெல்வேலியில் கண் ஆஸ்பத்திரி. சர்க்கரை முந்நூற்றுச் சொச்சம். வலது கண்ணில் புரை முற்றிவிட்டது. இடது கண்ணில் தொடங்கியிருக்கிறது. சர்க்கரையைக் குறைத்துவிட்டு வலது கண்ணுக்கு ஆபரேஷன். அதற்குப் பிறகு எவ்வளவு தெரியும் என்று இப்போது சொல்ல முடியாதாம், உள்ளே நரம்பையும் பார்க்க வேண்டுமாம். மறுபடி வேன் ஓட்டலாமா என்று கேட்டேன். டாக்டரம்மா, "முதல்ல பார்க்கலாம், அப்புறம் ஓட்டலாம்" என்றார்.

தேவசகாயம் சாரிடம் மன்னிப்புக் கேட்டேன். "என் லென்ஸ ரெண்டு மாசம் திட்டியிருப்பீரே வே" என்றார். "திட்டல சார். டைரியிலதான் எழுதினேன்" என்றேன்.

செல்வியிடம் நெயில்பாலிஷ் விஷயத்தைச் சொல்லவில்லை. சில உண்மைகள் பிள்ளைகளுக்குத் தேவையில்லை.

ஜனவரி 23, வெள்ளி

புது டிரைவர் ஐயம்பெருமாளுக்கு லைன் காட்டும் நாள். ஒரு டிரைவர் இறங்கினால் ஒரு நாள் கூடப் போய் வழி சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும். மேடமே வரச் சொன்னார். முன்சீட்டில் நடுவில் நான், ஓரத்தில் பாக்கியம். பதினேழு வருடத்தில் அந்த வேனில் ஸ்டீயரிங் இல்லாமல் உட்கார்ந்தது இன்றுதான். காலை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. பிரேக் இருக்கவேண்டிய இடத்தை வலது கால் தேடிக்கொண்டே இருந்தது.

ஐயம்பெருமாள் நல்ல பையன். எல்லாம் கேட்டுக்கொண்டான். எந்த வீட்டில் தாமதம், எந்தப் பிள்ளைக்கு வாந்தி வரும், எங்கே ஹாரன் அடிக்கக் கூடாது. எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். பெருமையாகத்தான் இருந்தது.

கரை ஏறும்போது, "தம்பி, அந்தா இடதுபக்கம் ரெட்டைப் பனை நிக்கில்லா, அதத் தாண்டினதும் கியரக் குறைச்சிரணும். அங்கேருந்துதான் வெயில் மூஞ்சில அடிக்கும்" என்றேன்.

வண்டி மெதுவானது.

"எந்தப் பனை அண்ணாச்சி?"

"அந்தா, ஓரத்துல."

அவன் பாக்கியத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவள்தான் பதில் சொன்னாள், ரொம்ப மெதுவாக.

"அத வெட்டிட்டாங்க அண்ணாச்சி. கார்த்திகையிலேயே. இப்ப அங்க வெறும் அடிக்கட்டைதான் கிடக்கு."

இரண்டு மாதமாக, தினமும் காலையும் மாலையும், அந்த இரண்டு பனைகளையும் பார்த்துத்தான் நான் கியரைக் குறைத்தேன். இதோ இப்போதுகூட எனக்குத் தெரிகின்றன. ஓலையோடு.

பின்னால் பிள்ளைகள் ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். மகிழினி ஏறினாள். ஐயம்பெருமாள் அவள் உட்காரும்வரை காத்திருந்துவிட்டு வண்டியை எடுத்தான். நான் அதற்கப்புறம் வழி சொல்லவில்லை.

"பாக்கியம்."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"வேற என்னெல்லாம் இப்ப அங்க இல்ல, சொல்லு."

அவள் சொல்லத் தொடங்கினாள். பள்ளிக்கூட வாசல் வந்த பிறகும் முடியவில்லை.